கல்லூரி மலர்களும் காலத்தின் கறையானும்

மலர் என்னுஞ் சொல் பூவையுங் குறிக்கும். கல்லூரியொன்று தன் ஆண்டு நிறைவிலும் விழாக்காலத்திலும் வெளியிடும் ஏட்டையுங் குறிக்கும். பூவாகிய மலர் மாலைக்குள் வாடிவிடும். ஏடாகிய மலரோ வாடாதென எண்ணி நாம் அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றோம். அதுவும் வாடவே செய்கின்றது. சற்று மெதுவாக வாடுகின்றது என்பதே வேறுபாடு. இவ்விழா மலரைக் கையிலேந்தியிருக்கும் பழைய மாணவ அன்பர்களும், இன்று பயிலும் மாணவச் செல்வங்களும், உடனாசிரியர்களும் பழைய மலர்களைத் தேடிக் காத்து, இணையத்தின் வாயிலாக யாவர்க்கும் பயன்படச் செய்தல் எங்ஙனம் என்று சிந்தித்தல் வேண்டும். அச்சிந்தனைக்குத் துணையாக இக்கட்டுரையை ஒரு பாடமாக அமைக்கின்றோம். பாடஞ் சொல்ல முன்வருவோர் முதலில் தம் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறையாதலின், எம் பிழையிலிருந்தே தொடங்குகின்றோம்.

எமது பிழை

பல்லாண்டுகளுக்கு முன்னர், யாம் அக்காலத்திற் கற்பித்த பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்யும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைந்த கதிரை மேசைகளுக்கு அடியிற் பழைய மலர்க் கட்டுகள் சில கிடந்தன. வெளித்தாள்களைக் கறையான் அரித்திருந்தது. மாணவர்கள் அவற்றை வெளியே குவித்து, “குப்பையோடு சேர்த்து எரித்துவிடட்டுமா, சேர்?” என்று கேட்டனர். யாம் தலையசைத்தோம். அன்று அது துப்புரவாகவே எமக்குத் தோன்றிற்று.

ஓராண்டு கழிந்தபின், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் அதிபருக்குக் கடிதம் எழுதினார். தம் தமையனார் இளமையிலேயே காலமாகிவிட்டார் எனவும், இடப்பெயர்வுகளின்போது வீட்டிலிருந்த படங்கள் யாவும் அழிந்தொழிந்தன எனவும், தமையனார் உதைபந்தாட்டக் குழுவில் இருந்த ஆண்டின் மலரில் அக்குழுவின் படம் வெளிவந்திருந்தது எனவும், அது கிடைக்குமாயின் முதுமையடைந்த தாயாருக்குக் காட்டலாம் எனவும் அவர் எழுதியிருந்தார். யாம் எரித்த கட்டுகளுள் அவ்வாண்டு மலர் இருந்ததோ இல்லையோ அறியோம். பிரித்துப் பாராமலே எரித்தோம். அதுவே எம்மை இன்றளவும் வருத்துவது.

பின்னர் வீடு வீடாகத் தேடினோம். அயற் கிராமத்து இல்லம் ஒன்றிலே, சாதகக் குறிப்புகளும் காணி உறுதிகளும் வைத்திருந்த தகரப் பெட்டியின் அடியில் ஒரு பிரதி கிடைத்தது. படம் இருந்தது, அதன் கீழிருந்த பெயர் வரிசையைப் பூச்சி தின்றிருந்தது. நிற்பவர் எவர், இருப்பவர் எவர் என்று யார் கூறுவார்? அக்குழுவில் ஆடிய முதியவர் ஒருவர் ஊரில் இருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிவந்தார், யாம் எழுதிக்கொண்டோம். படம் தாயார் கையிற் சேர்ந்தது. பெயர் சொன்ன முதியவர் அடுத்த ஆண்டே சிவபதமடைந்தார். யாம் ஓராண்டு தாமதித்திருப்பின் படம் இருந்தும் பெயர் இராது.

மலர் கூறும் வரலாறு

கல்லூரி மலரிலே அரிய செய்தி யாதுளது என்று வினவுவார் உளர். அதிபர் அறிக்கை, மன்றங்களின் அறிக்கை, இல்ல விளையாட்டுப் போட்டியின் முடிவுகள், சித்தியெய்தியோர் பட்டியல், மாணவர் ஆக்கங்கள், விளம்பரங்கள் என இவையே அதன் உறுப்புகள். ஆயினும் இவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் வரலாறே கண்முன் தோன்றும்.

1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் மாணவர் தொகை பெருகிய விதத்தை அதிபர் அறிக்கைகள் காட்டும். 1950களில் இடைநிலை வகுப்புகளின் போதனாமொழி படிப்படியாகத் தமிழாக மாறியதை, மலர்களில் ஆங்கிலப் பக்கங்கள் குறைந்து தமிழ்ப் பக்கங்கள் பெருகியமை காட்டும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பல அரசாங்கத்தின் பொறுப்பாயின. முகாமையாளரின் பெயர் அதன்பின் மலர்களில் மறைந்துபோவதைக் காணலாம். விளம்பரப் பக்கங்களோ அக்காலத்துச் சுருட்டுக் கடைகளையும் புடைவைக் கடைகளையும் அச்சகங்களையும் நமக்கு அறிமுகஞ் செய்யும்.

எழுத்தாளரின் கன்னி முயற்சிகளும் இவ்வேடுகளிலேயே ஒளிந்துள்ளன. நம் கரவெட்டி மண்ணிற் பிறந்து, விக்னேஸ்வராக் கல்லூரியிற் பயின்று, தமிழாய்வுலகிற் பேராசிரியராய் விளங்கியவர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011). அத்தகைய அறிஞர் ஒருவரின் இளமையை ஆராய விழைவோர் முதலில் நாடவேண்டியது அவர் காலத்துப் பாடசாலை ஏடுகளையே அன்றோ? அவை இல்லாதவிடத்து ஆராய்ச்சி செவிவழிச் செய்தியாய்ச் சுருங்கிவிடும்.

அழிவின் காரணங்கள்

முதலாவது காரணம் காகிதத்தின் உள்ளேயே உளது. மரக்கூழினாற் செய்த மலிவான தாளில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருக்கும். அது வெளிச்சத்தாலும் காற்றாலும் நிறம் மாறும். தாளிற் சேரும் அமிலத்தன்மையோ அதனை நொறுங்கச் செய்யும். பழைய மலர் மஞ்சளாகி ஓரம் உதிர்வது இதனாலேயே. மலரைக் கட்டிய இரும்புக் கம்பி ஈரத்தாற் துருவேறி நடுத்தாளை அறுக்கும். வாடைக்காற்றுக் காலத்து ஈரப்பதன் பூஞ்சணத்தை வளர்க்கும். கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை உண்ணும்.

இரண்டாவது காரணம் மனிதர் செய்யும் அழிவு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியாக அங்கிருந்தவை மீளவில்லை. வேறிடத்திற் பிரதி இருந்தவை மட்டுமே மீண்டன. 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியில் நிகழ்ந்த போர் நடவடிக்கையின்போது ஓடியவர்கள் எதனைக் கையில் எடுத்தார்கள்? பிள்ளைகளை எடுத்தார்கள், முடிந்தவர் உறுதிகளை எடுத்தார்கள். கல்லூரி மலரை எடுத்தவர் மிகச் சிலர். அச்சிலராலேயே இன்று சில பிரதிகளாவது உள.

மூன்றாவது காரணம் அலட்சியம். அதற்கு எம் கதையே சான்று.

முன்னோர் சென்ற வழி

ஓலைச்சுவடிகள் செல்லரிக்குமுன் அவற்றைப் புதிய ஓலையிற் படியெடுத்தல் நம் முன்னோர் வழக்கம். அச்சியந்திரம் வந்தபோது ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), தொட்டால் ஒடியும் சுவடிகளைக் கண்டு நெஞ்சம் நொந்து, கலித்தொகை முதலிய நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். கலித்தொகை 1887இல் அச்சேறிற்று. ஓலையிலிருந்து தாளுக்கு மாற்றியமை அவர்கள் காலத்துப் பணி. தாளிலிருந்து மின்வடிவத்துக்கு மாற்றுதல் நம் காலத்துப் பணி.

இப்பணி நம்மிடையே தொடங்கிவிட்டது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாய்ப் படிக்கச் செய்தது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகத் திட்டம், பின்னர் நூலக நிறுவனமாக வளர்ந்து, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வருடி வைத்துள்ளது. நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளோடு சிறப்பு மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் அங்கே தனிப் பகுதிகள் உள. பாடசாலை மலர்கள் பலவற்றை அங்கே யாரும் பொருள் கொடாது படிக்கலாம். அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்து மின்மரபு நிலையம், ஊர் நூலகங்களிலுள்ள பாடசாலை ஆண்டு மலர்களைத் திரட்டி இவ்வாறே வெளியிட்டு வருகின்றது. ஆகவே இது புதுமையான கனவன்று. பலர் நடந்த பாதையே ஆம்.

செய்முறை

முதலாவது, தேடல். எவ்வாண்டு மலர் உளது, எவ்வாண்டு மலர் இல்லை என்னும் அட்டவணை ஒன்று தயாரிக்க. இல்லாத ஆண்டுகளைப் பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கு அறிவிக்க. கொடுக்க மனமில்லாதாரிடம் இரவலாகப் பெற்று, சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்க. சொன்ன நாள் தவறினால் அடுத்த பெட்டி திறவாது.

இரண்டாவது, கையாளல். கைகளைக் கழுவி உலர்த்திய பின்னரே தொடுக. தூசியை மென்மையான தூரிகையால் நீக்குக. கிழிந்த இடத்திற் பசைநாடா ஒட்டற்க. அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளைக் கெடுக்கும். துருவேறிய கம்பியைப் பொறுமையோடு கழற்றுக.

மூன்றாவது, படியெடுத்தல். எழுத்துப் பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகவும், சிறிய படங்களை 600 புள்ளிகளாகவும் வருடுதல் நன்று. மின்வருடி இல்லாதார் கைபேசியாலும் எடுக்கலாம்; நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்திலே, தாளுக்கு நேர் மேலே கருவியைச் சமமாகப் பிடித்தல் வேண்டும். அட்டையும் விளம்பரமும் உட்பட ஒரு பக்கமும் விடற்க. மலரில் அச்சான படம் சிறு புள்ளிகளால் ஆயது; எவ்வளவு பெருப்பித்தாலும் இல்லாத தெளிவு வாராது. எனவே மூலப்படம் எவரிடமாவது இருப்பின் அதனையும் வருடுக. காப்பதற்கு டிஃப் கோப்பும், படிப்பதற்குப் பிடிஎஃப் கோப்பும் வைத்திருக்க.

நான்காவது, விவரணம். பெயரில்லாக் கோப்பு பூட்டிய அறைக்கு ஒப்பாகும். கல்லூரியின் பெயர், ஆண்டு, இதழாசிரியர், பக்கத் தொகை, பொருளடக்கம் ஆகியவற்றை எழுதுக. படங்களில் உள்ளோரின் பெயர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. கணினி இன்று தமிழ் அச்சையும் ஓரளவு வாசிக்கும். ஆயினும் பழைய மலர்களில் ணை, லை, ளை, னை என்பன துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா என்பன சுழித்த வடிவோடும் அச்சாகியுள்ளன. தமிழ்நாட்டரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தின் பின் இவை படிப்படியாக வழக்கொழிந்தன. இவ்விடங்களிற் கணினி தடுமாறும். எம் மாணவரும் தடுமாறக் கண்டுள்ளோம். ஆகவே கணினி வாசித்ததை மனிதக் கண் மீண்டும் ஒப்புநோக்கல் வேண்டும்.

ஐந்தாவது, பல்லிடத்து வைப்பு. இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனி அழியாது என்று எண்ணுதல் தவறு. இலட்சக்கணக்கான பக்கங்களைத் தாங்கிய ஜியோசிற்றீஸ் என்னுந் தளம் 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஒக்தோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பெரும் புகழ் வாய்ந்த பிரித்தானிய நூலகத்தின் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின. ஆதலால் மூன்று பிரதிகள், இருவேறு கருவிகளில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பது காப்பாளர் கொள்ளும் விதி. 1981ஆம் ஆண்டின் நெருப்பு நமக்குக் கற்பித்ததும் அதுவே. வருடி முடிந்ததெனத் தாட்பிரதியை எறிந்துவிடுதலும் ஆகாது.

பகிர்தலின் அறம்

கிடைத்தவை யாவற்றையும் உடனே ஊரறியப் பரப்புதல் அறமாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இலங்கையில் ஓர் ஆக்கத்தின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையிலும் நிலைக்கும். ஆகையால் கல்லூரியின் இசைவும், கூடியவரை எழுதியவரின் அல்லது உரித்தாளரின் இசைவும் பெறுதல் முறை.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. வீட்டு முகவரியும் பிறந்த திகதியும் அச்சிட்ட பக்கங்கள் அக்காலத்தில் நூறு பேர் கையிற் சென்றன. இன்று உலகெங்குஞ் செல்லும். போர்க்காலத்து மலரில் உள்ள பெயரும் படமும் சில குடும்பங்களுக்கு ஆறுதலாகலாம். சிலர்க்கு ஆறாத் துயரமோ இடரோ ஆகலாம். பதினைந்து வயதில் எழுதிய கவிதையை ஐம்பது வயதில் ஒருவர் மறைக்க விரும்புதலும் கூடும். அத்தகைய பக்கங்களைக் காத்துவைத்து, வெளியிடுதலை மட்டும் பிற்போடலாம். காத்தல் வேறு, காட்டல் வேறு. காத்தலுக்கு விலக்கில்லை, காட்டலுக்கு இடமும் காலமும் அறிதல் வேண்டும்.

மாணவர்க்குப் பயிற்சி

ஒன்று: உம் வீட்டிலோ அயல் வீட்டிலோ உள்ள பழைய மலர் ஒன்றைத் தேடி, அதன் பெயரும் ஆண்டும் பக்கத் தொகையும் குறித்து வருக. இரண்டு: அதிலுள்ள குழுப்படம் ஒன்றை அப்பப்பா, அம்மம்மா முதலியோரிடங் காட்டி, அறிந்த பெயர்களை எழுதுக. மூன்று: பழைய எழுத்து வடிவில் அச்சான ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாசித்துப் புதிய வடிவில் எழுதுக.

முடிவாக, பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று வீடு சென்றதும் பரணிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். கறையான் அரித்த ஏடு கிடைப்பினும் வெட்கப்படாது கொண்டுவாருங்கள். பாதி மலர் கிடைத்தால், மறுபாதி இன்னொரு வீட்டிற் கிடைக்கும். யாரோ ஒரு தாய் தேடும் முகம் உங்கள் பெட்டியில் இருத்தல் கூடும். இவ்விழா மலரும் ஐம்பதாண்டு கழித்துப் பழைய மலராகும். அன்று அதனைத் தேடுவார்க்கு அது கிட்டுமாறு செய்தல் இன்று நம் கையிலேயே உளது. கல்லூரி வாழ்க! கல்வி வளர்க!