மாற்ற ஆள் வரும்வரை

பாய்க்கப்பலில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, பாய்மரத்தில் ஏறப் பயமாக இருக்குமா என்றுதான். இருக்கும். ஆனால் அதைவிடக் கடினம் நடுச்சாமத்தில் எழும்புவது.

2014 ஜூலையில், நோர்வேயின் பேர்கனிலிருந்து டென்மார்க்கின் எஸ்பியருக்கு ஓடிய பாய்க்கப்பல் பந்தயத்தில் நானும் ஒரு பயிலுநர். வயது 19. இந்தப் பந்தயங்களில் ஒவ்வொரு கப்பலிலும் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்கவேண்டும். அம்மா பயந்தார். அம்மம்மாவின் ஊர் இலங்கையின் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. "எங்கட ஊரார் பாய் விரிச்சு அமெரிக்கா மட்டும் போனவை. இவன் பக்கத்து நாட்டுக்குப் போறதுக்கு என்ன?" என்றார் அம்மம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

எங்களை மூன்று காவல்களாகப் பிரித்தார்கள். நான்கு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு. எனக்குப் பன்னிரண்டிலிருந்து நான்கு. இரண்டாம் இரவு கப்பலின் முன்புறமான அணியத்தில் பார்வைக்கு நிற்கும் முதல் முறை என்னுடையது. வயிறு புரட்டியதில், ஏணை மாதிரித் தொங்கிய படுக்கையை விட்டு இறங்க மனம் வரவில்லை. இருபது நிமிடம் பிந்திப் போனேன். எனக்கு முன் நின்ற போலந்துப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் விறைத்துப்போய்த் தன் மேலங்கியின் சிப்பைக்கூட இழுக்க முடியாமல் நின்றாள். மாற்ற ஆள் வராமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. என்னுடைய இருபது நிமிடத்தையும் அவள் குளிரில் நின்றிருக்கிறாள்.

அன்றிலிருந்து படுக்குமுன் உடுப்புகளைப் போடும் ஒழுங்கிலேயே அடுக்கி வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், இருட்டில் தேட நேரம் இருக்காது. சத்தி வந்தால் கீழே சுருண்டு கிடக்காதீர்கள். மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், காய்ந்த பிஸ்கட்டை மெல்ல மெல்லக் கடியுங்கள். சத்தி எடுப்பதென்றால் காற்று வெளியேறும் பக்கம் மட்டும். எனக்குச் சுக்கானைப் பிடித்தபோதுதான் வயிறு அடங்கியது.

பாய்மரத்தில் ஏறுவது எப்போதும் காற்று வரும் பக்கமாக. அப்போது காற்றே உங்களைக் கயிறுகளோடு அழுத்தி வைத்திருக்கும். கை நெடுக்குக் கயிறுகளைப் பிடிக்கட்டும். குறுக்கே கட்டிய படிக்கயிறு அறுந்தாலும் நீங்கள் தொங்கிக்கொண்டாவது இருப்பீர்கள். பாய் கட்டிய குறுக்கு மரமான பருமலின் கீழுள்ள கால்கயிற்றில் மிதிக்குமுன் சத்தமாகச் சொல்லிவிட்டு மிதியுங்கள். நீங்கள் மிதித்ததும் ஏற்கெனவே அதில் நிற்பவரின் காலடியில் கயிறு எகிறும்.

பந்தயத்தில் முதலில் வரும் கப்பல்தான் வெல்லும் என்றில்லை, கப்பலுக்குக் கப்பல் நேரத்தைத் திருத்திக் கணக்கிடுவார்கள். ஆகவே முன்னால் எந்தப் பாயும் தெரியவில்லை என்று கயிற்றைத் தளர விடாதீர்கள்.

கடைசி இரவு 11.50-க்கு அணியத்துக்குப் போனேன். அதே பெண்தான் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவளுடைய காவல் முடிந்தும் அவள் கீழே போகவில்லை. இடப்புறம் டென்மார்க்கின் கலங்கரை வெளிச்சம் ஒன்று தெரிந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தோம்.