மணிக்கு யார் சோறு வைப்பது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமமே ஆரம்பிக்கிறது. பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை தளர்ந்துவிட்டது. காலமெல்லாம் லாரிப் பட்டறையில் உழைத்த மனிதர். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் எங்கள் நாட்டு நாய் மணியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு நீங்களே வாரிவிடுங்களேன்" என்று ஒரு சீப்பை அந்தக் கையில் வைத்தார். மறுநாள் காலையில் அப்பாவே கேட்டார்: "சீப்பு எங்க கண்ணு?"

அதன்பின் மணிக்குச் சோறு வைக்கும் வேலையையும் அவரிடமே விட்டோம். "நான் வைக்கலைன்னா அது பட்டினி கிடக்குமே" என்று நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்தார். படுத்துவிட்டவருக்கு எல்லாரும் செய்கிறோம். அவர் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் அவரை ஒடுக்குகிறது. நாயைத் தடவுவதில் கிடைக்கும் சுகத்தைவிட, தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்புக்கே வலு அதிகம் என்பேன்.

மாரடைப்புக்கோ இதய நெஞ்சுவலிக்கோ சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்து ஆய்வாளர் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், வைத்திராத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். சின்ன ஆய்வுதான், பிராணிதான் உயிரைக் காத்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர்களை அது யோசிக்க வைத்தது. நம் பக்கமும், சென்னையில் புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு, பழக்கிய நாய்களைக் குழந்தைகளிடம் அழைத்துப்போகும் 'டாக்டர் டாக்' திட்டத்தை நடத்தியிருக்கிறது.

நாய் என்றாலே நடுங்குபவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மீன் தொட்டிதான் சரிப்பட்டது. 2002இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறதிநோயாளிகளின் சாப்பாட்டு அறையில் மீன் தொட்டி வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் முன்பைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. பாட்டியும் மீனுக்குத் தீனி போட்ட கையோடு தன் இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார்.

நாய் வளர்ப்பதென்றால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள், குடற்புழு மருந்து கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்னக் கீறலில்கூட இரத்தம் நிற்க நேரமாகும். நகத்தை வெட்டியே வையுங்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். வாக்கர் பிடித்து நடக்கும் நேரத்தில் நாயைக் கட்டிவையுங்கள், காலில் இடறினால் இடுப்பெலும்பு போய்விடும். கீமோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பிராணியை நெருங்கவிடக் கூடாது. நாய் விலகிப் போனால் இழுத்து வராதீர்கள். அதற்கும் களைப்பு உண்டு.

புதிதாக வாங்குவதென்றால், குட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டு ஆச்சரியப்படுத்த வேண்டாம். நாயா, மீனா, எதுவுமே வேண்டாமா என்று முதலில் பெரியவரையே கேளுங்கள்.