ஆலோசகருக்குக் காசு கொடுப்பது யார்?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 34 லட்சம் ரூபாய் வந்தது. என் கணக்கு இருக்கும் வங்கியின் அலுவலர், "எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி மட்டும் கூட" என்று சொல்லி 4 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கினார். பத்திரம் வந்த பிறகு பார்த்தால் அது ஆயுள் காப்பீடு. ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்ட வேண்டுமாம். பத்திரம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மீதிப் பணத்துக்குத் திருவள்ளூரில் ஒரு 'வெல்த் மேனேஜர்' இலவசமாகவே ஆலோசனை சொல்வார் என்கிறார் என் மைத்துனர். கூட வேலை பார்த்த நண்பரோ மாதம் 3 சதவீதம் தரும் இடம் தெரியும் என்கிறார். என் நலனை நினைத்துப் பேசும் ஆளை எப்படி அடையாளம் காண்பது? சட்டம் இதில் உதவுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: உங்கள் கடிதத்தில் அவசரமான வரி 'மூன்று வாரம் ஆகிறது' என்பதுதான். அதனால் கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். 'ஃப்ரீ லுக்' என்பார்கள். முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாள் காப்புக்கான சிறு தொகை ஆகியவை போக மீதி திரும்பி வரும். யூனிட் சார்ந்த பாலிசி என்றால் சந்தை விலைக்கு ஏற்பத் தொகை கொஞ்சம் மாறும்.

கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வங்கி அலுவலரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். "ஹெட் ஆபீஸ்ல பேசிட்டிருக்கேன் சார், அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலிலேயே 30 நாளும் கரைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதில்தான் பின்னால் தகராறு வரும். பாலிசி கொடுக்கும் முன் நிறுவனத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வந்திருக்கும். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று பக்கத்தில் நின்றவர் சொல்லியிருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இனி ஆலோசகர் விஷயம். நல்லவரா, கெட்டவரா என்ற விசாரணை சட்டத்துக்கு அவ்வளவாக உதவாது. அவர் எந்தத் தகுதியில் உங்களிடம் பேசுகிறார், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். காப்பீட்டு ஏஜெண்டுக்கும், வங்கி வழியாகக் காப்பீடு விற்பவருக்கும், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கும் கமிஷன் கொடுப்பது அந்தந்த நிறுவனம். அது சட்டப்படி சரியான தொழில்தான். பொய் சொல்லி விற்கக் கூடாது என்ற கடமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் 'என் லாபத்தைவிட உங்கள் நலனே முக்கியம்' என்று இருக்க வேண்டிய கடமையைச் சட்டம் வேறொருவர் தலையில்தான் வைத்திருக்கிறது. அவர் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். 2013-ஆம் ஆண்டு செபி விதிமுறைகளின் 15-வது விதி, அவர் வாடிக்கையாளரின் நம்பிக்கைப் பொறுப்பாளராக நடக்க வேண்டும், தன் ஆதாயம் குறுக்கிடும் இடங்களையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. 2020-இல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குத் திட்டமும் விற்க அவரால் முடியாது.

ஆகவே 'இலவச ஆலோசனை' என்று கேட்டதுமே, அவர் விற்பனையாளராக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். ஐ.என்.ஏ. என்று தொடங்கினால் முதலீட்டு ஆலோசகர். ஏ.ஆர்.என். என்றால் ஃபண்ட் விநியோகஸ்தர். ஐ.என்.ஏ. எண்ணைச் செபி இணையதளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எந்த எண்ணும் இல்லாமல் 'வெல்த் மேனேஜர்' என்ற பட்டம் மட்டும் இருந்தால், அந்தப் பட்டத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை.

பதிவுபெற்றவர் முதலில் உங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். உங்கள் வயது, வருமானம், கடன், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிய பிறகே யோசனை சொல்ல வேண்டும். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் உச்சவரம்பு. அதை ரொக்கமாக வாங்கக் கூடாது. அவர் கணக்குக்குப் போக வேண்டியது கட்டணம் மட்டுமே. முதலீட்டுப் பணம் ஃபண்டின் பெயருக்கு நேராகப் போக வேண்டும். "என் ஜிபே-க்கு அனுப்புங்க, நான் போட்டுடறேன்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய ஆலோசகர்கள் நாடு முழுக்கவே மிகக் குறைவு. கும்மிடிப்பூண்டியில் தேடிக் கிடைக்காமல் போகலாம். சென்னையில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசினாலும் போதும். நேர்மையான விநியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வழியாகத்தான் போட வேண்டியிருந்தால், ஃபண்ட் நிறுவனம் அவருக்குக் கொடுத்த கமிஷன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் உங்கள் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் இருக்கும். படித்துப் பாருங்கள். என்னைப் போன்ற வழக்கறிஞர் தன் தொழிலின் ஊடே சொல்லும் முதலீட்டு யோசனைக்கு இந்தப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் எந்தத் திட்டத்தில் போடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36. வேண்டாம். மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை சொல்கிறது; 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. இப்படிப்பட்டவர்களின் சொத்தை முடக்க 1997-இலிருந்தே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் டான்பிட் சட்டம் இருக்கிறது. 2019-இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் முடக்கிய சொத்தை விற்று முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆண்டுகள் ஆகும். வாய்மொழியாக நம்மைச் சேர்த்துவிட்ட நண்பரும் தன் பணத்தைத் தேடிக்கொண்டு அதே வரிசையில்தான் நிற்பார்.

பாலிசியைத் திருப்பிக் கொடுத்தும் பணம் வராவிட்டால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அல்லது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. காலக்கெடு 2 ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது; நீங்கள் கட்டிய 4 லட்சம் அதற்குள் அடங்கும். வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 'எஃப்.டி. மாதிரி' என்று சொன்னது அங்கேதான்.