திராட்சைக்குக் கற்றாழைப் பூச்சு

கேள்வி: பல்லடம் ரோட்டில் பழக்கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டதும் வியாபாரம் சூடு பிடிக்கும். அதற்காக வெள்ளிக்கிழமையே கம்பத்துப் பன்னீர் திராட்சை இறக்கிவிடுவேன். திங்கட்கிழமை மிச்சம் இருப்பது காம்பு காய்ந்து உதிர்கிறது, புளித்த வாடை வருகிறது. கற்றாழைச் சோற்றைப் பூசினால் கெடாது என்கிறார்கள். பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பியோ, அங்கே சாயத்தில் கலக்கும் கோந்தும் கடற்பாசியில் செய்ததுதான், அதையே பூசலாம் என்கிறான். செய்யலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் தம்பியைத் தடுத்துவிடுங்கள். பட்டறைக் கோந்து பழத்தின் பக்கமே வரக்கூடாது. அவர் சொல்வது சோடியம் ஆல்ஜினேட்டாக இருக்கும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது என்பது உண்மைதான். ரியாக்டிவ் சாயத்தோடு ஒட்டி உறவாடாது என்பதால் பருத்தித் துணி பிரிண்டிங்கில் சாயத்தைக் கெட்டியாக்க அதைச் சேர்க்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் இதே பொருள் சேர்கிறது. ஆல்ஜினேட்டைப் பழத்தில் பூசி, கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கி உறைய வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் உணவுத் தரச் சரக்கு வேண்டும். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 401 என்று போட்டிருக்கும். துணிக்கு வருவது வாயில் போடுவதற்காகத் தயாரானதல்ல. போதாததற்கு, பட்டறை டிரம்மில் யூரியாவும் சோடாவும் கலந்து கிடக்கும்.

கற்றாழை விஷயம் வேறு. 2005-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விதையில்லாத் திராட்சையில் கற்றாழைக் கூழைப் பூசி, 1 டிகிரி குளிரில் வைத்துப் பார்த்தார்கள். பூசாத குலைகள் ஒரு வாரத்தில் தரம் இழந்தன. பூசியவை 35 நாள் வரை தாங்கின. ஊரெல்லாம் சுற்றும் செய்தியில் அந்த 35 நாள் இருக்கிறது, 1 டிகிரி இல்லை. வெயிலில் வெந்துகிடக்கும் கடையில் அந்தக் கணக்கு நடக்காது.

காரணம் இதுதான். மாம்பழம், தக்காளி போலத் திராட்சை பறித்த பிறகு பழுப்பதில்லை. அது கெடுவதற்கு முக்கிய வழி இரண்டு: தண்ணீர் வற்றுவது, பூஞ்சை பிடிப்பது. தண்ணீர் முதலில் வற்றுவது காம்பில். பச்சைக் காம்பு பழுப்பாகிவிட்டால் தொட்டாலே பழம் உதிரும். கூழ்ப் பூச்சு இந்த இரண்டையும் ஓரளவு தாமதப்படுத்தும். குளிர் செய்யும் வேலையை அது செய்யாது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பத்துப் பன்னீர் திராட்சை மென்மையான ரகம் வேறு. அதன் மேல் வெண்சாம்பல் படிந்தது போல இருக்கிறதே, அது பழமே தனக்குப் பூசிக்கொண்ட மெழுகு. முக்கி எடுத்தால் அது கலையும்.

உங்களுடையது மூன்று நாள் வியாபாரம். அதற்குப் பூச்சை விட முக்கியமான வேலைகள் இருக்கின்றன. பளபளப்புக்காகத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், பூஞ்சைக்கு அதுதான் விருந்து. ஈ ஓட்ட வைக்கும் டேபிள் ஃபேன் காற்று நேராகக் குலையில் படக்கூடாது. அரை நாளிலேயே காம்பு காயும். பெட்டி இறங்கியதும் நசுங்கிய, வெடித்த பழங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். கையால் பிய்த்தால் பக்கத்துப் பழமும் கிழியும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமையே, கழுவாமல், கூல்டிரிங்ஸ் வைக்கும் கண்ணாடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 4, 5 டிகிரி கிடைத்தாலே திங்கட்கிழமை நஷ்டம் குறையும்.

இதற்குப் பிறகும் கற்றாழையைப் பார்க்க ஆசை என்றால், வீட்டுக்கு என்று ஒரு கிலோவில் செய்து பாருங்கள். மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, மஞ்சள் பால் முழுக்க வடியட்டும். அது கசக்கும், வயிற்றைக் கலக்கும். தோல் சீவிய சோற்றை மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, லேசாகச் சூடாக்கி ஆறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேருங்கள். ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் பூசாததை விட மோசம். விற்பதற்குச் செய்வதானால், முன்னதாக உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். பழங்களில் பூச விதிகள் அனுமதிக்கும் மெழுகுகள் தேன்மெழுகு, கார்னாபா, அரக்கு மெழுகு. அவற்றையும் லேபிளில் சொல்லியே பூச வேண்டும்.

கேள்வி: தக்காளிக்கு இப்படி ஏதாவது உண்டா? விலை இல்லாத நாளில் பறிப்பதைத் தள்ளிப்போட முடியாமல் தவிக்கிறோம்.
– விவசாயி, உடுமலை

பதில்: உண்டு, பக்கத்திலேயே. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஹெக்சனால் கரைசலை நம் ஊர்ப் பழங்களில் சோதித்தது. செடிகளே உண்டாக்கும் பொருள் அது. புல் வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் அதுவும் இருக்கிறது. பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் நொதியை அது அடக்குவதால் பழம் மெதுவாகக் கனிகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்கு முன்பே தெளித்துப் பார்த்தார்கள், பறித்த பிறகு முக்கியும் பார்த்தார்கள். தக்காளி பறித்த பிறகும் கனிவது என்பதால், திராட்சையில் இல்லாத லாபம் உங்களுக்கு இருக்கிறது. கிடைப்பது சில நாள் அவகாசம். மாதக்கணக்கில் நீடிக்கும் விலைச் சரிவுக்கு அது ஈடாகாது. மாம்பழத்துக்குச் சொன்ன அளவைத் தக்காளிக்குத் தெளிக்க வேண்டாம். உங்கள் ரகத்தையும் பறிக்கும் பருவத்தையும் சொல்லி, பல்கலைக்கழக நானோ தொழில்நுட்பத் துறையில் அளவைக் கேட்டுக்கொண்டு, முதலில் நாலு வரிசையில் மட்டும் தெளியுங்கள்.