இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை: ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது?

இந்த மாதப் பாடம் எல்லோருக்கும் உரியது அல்ல என்று முதலில் தோன்றும். இருபது பேர் உள்ள குழுவில் இந்த மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

நாம் சொல்வது அசிட்ரோம், வார்ஃபரின் என்ற மாத்திரைகளைப் பற்றி. சிறு வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் வந்து, சரியாகக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இதய வால்வு கெட்டுப்போகும். அதற்குச் செயற்கை வால்வு வைத்தவர்கள், இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள், கால் நரம்பில் இரத்தக்கட்டி வந்தவர்கள் இதைச் சாப்பிடுகிறார்கள். நம் நாட்டிலேயே செய்த வால்வு ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். அந்த வால்வில் ஒரு சிறு தட்டு திறந்து மூடும். அதன்மேல் இரத்தம் கட்டினால் தட்டு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். ஆகவே இப்படிப்பட்ட வால்வு வைத்தவருக்கு மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு.

இந்த மருந்து வந்த கதை மாடு வளர்க்கும் நமக்கு நன்றாகப் புரியும். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி செத்த மாட்டின் உறையாத இரத்தத்தை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கே கார்ல் லிங்க் என்ற வேதியியல் அறிஞர் குழு அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள், 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. எலி மருந்தா என்று பயந்துவிட வேண்டாம். அளவு சரியாக இருந்தால் மருந்து, மீறினால் ஆபத்து, அவ்வளவுதான்.

இது இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ஈரல், வைட்டமின் கே என்ற சத்தை வைத்து, இரத்தம் உறையத் தேவையான பொருள்களைச் செய்கிறது. அந்த வேலையை மாத்திரை மட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே உடம்பில் உள்ளது கரைய நாளாகும். ஆகவே இன்று போட்டதன் முழுப் பலன் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போடுபவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே பத்து, பதினொரு மணிக்கு ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்ததா? போனது போனதுதான். அதை விட்டுவிட்டு, அன்று ராத்திரி வழக்கமான அளவு மட்டும் போட வேண்டும். குழுவில் ஒரு மாதச் சந்தா விட்டுப்போனால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுகிறோம். மாத்திரையை அப்படிச் சேர்த்துப் போடவே கூடாது. இரண்டாகப் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வரும்போது, எதனால் என்றே ஞாபகம் இருக்காது.

ஒரு நாள் விட்டதால் குடி முழுகிப் போகாது. இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள், அல்லது நேரில் போங்கள்.

அபிக்சபான், டாபிகாட்ரான், ரிவராக்சபான் என்று புதிய மாத்திரைகளும் உண்டு. அவை சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துவிடும், விட்டுப்போனால் அவற்றுக்கு வேறு கணக்கு. அதை டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்குங்கள். உலோக வால்வு வைத்தவருக்கு அவை கூடாது. அவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு, கட்டியும் இரத்தக்கசிவும் அதிகமானதால் 2012-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ‘பக்கத்து வீட்டு அண்ணன் சாப்பிடுறது நல்லா இருக்காம்’ என்று மாற்றிக் கேட்க வேண்டாம்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது மறதி இல்லை, மறைப்பதுதான். ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: “நாலு நாள் போடலை. டாக்டர் திட்டுவாருன்னு ஒழுங்காப் போட்டேன்னு சொல்லிட்டேன் மேடம்.” இதில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பி.டி. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் மற்றவர்களுக்கு 1 அளவில் இருக்கும். வால்வு வைத்தவருக்குப் பெரும்பாலும் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இவருக்கு 1.5 என்று வருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டும் குறைகிறதே என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். பயந்துபோன அக்கா இனிமேல் ஒரு நாளும் விடாமல் கூட்டிய அளவைச் சாப்பிடுவார். அப்போது எண் எகிறும், இரத்தம் கசியும். டாக்டர் பேரிலும் தப்பில்லை, மாத்திரை பேரிலும் தப்பில்லை. திட்டினால் திட்டட்டும், விட்ட நாளைச் சொல்லிவிடுங்கள். தினசரி காலண்டரில் போட்ட நாளுக்கு ஒரு டிக், விட்ட நாளுக்கு ஒரு சுழி போட்டு, அந்தத் தாள்களைச் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் குழுக்களில் கணக்கு எழுதத் தெரியாதவர் யாரும் இல்லையே!

ஏன் விட்டுப்போகிறது என்று கேட்டால், நம் கரிசல் காட்டில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுப்பு. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் வந்துவிடும். கோவிலுக்கு விரதம். மாத்திரை தீர்ந்து, பரிசோதனைக்குத் திருநெல்வேலி போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். விரதத்தன்றும் தண்ணீரோடு மாத்திரை போடலாம், அதற்குச் சாமி கோபிக்காது. ராத்திரி நேரமே நமக்கு வசதி. காலையில் பரிசோதனை செய்தால், அளவை மாற்ற வேண்டுமென்றால் அன்று ராத்திரியே மாற்றிக்கொள்ளலாம்.

பெண்கள் வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. மாதவிலக்கில் அதிகம் போகிறது என்று அந்த ஐந்து நாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாதா மாதம் ஐந்து நாள் என்றால் வால்வில் கட்டி பிடிக்க அது போதும். அதிகம் போனால் அதற்கு வைத்தியம் உண்டு, டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலும் அதே வாரம் டாக்டரைப் பாருங்கள். கருவின் 6 முதல் 12 வாரத்துக்குள் இந்த மாத்திரை குழந்தையின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். நாமாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. டாக்டர்தான் மாற்று ஊசிக்கு ஏற்பாடு செய்ய முடியும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் முன்கூட்டியே கேட்பது இன்னும் நல்லது.

முருங்கைக்கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கம் கூடாது, வாரா வாரம் ஒரே மாதிரி சாப்பிடுங்கள். களை எடுத்த இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். நாட்டு மருந்தும் கேட்காமல் கூடாது. பல் பிடுங்கும் முன்னும், ஊசி போடும் முன்னும் ‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாதது, பேச்சு குழறுவது, திடீர் மூச்சுத்திணறல், வழக்கமாகக் கேட்கும் வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்குவது, இவை கட்டியின் அறிகுறிகள். மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, சிறுநீரில் இரத்தம், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு இரத்தம், இவை கசிவின் அறிகுறிகள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் நாமே முடிவு செய்யாமல் காட்டிவிடுவோம்.) தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் போக வேண்டும். எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில், நம் தெருவில் இந்த மாத்திரை சாப்பிடுபவர் யார்? அவருக்கு மாத்திரை தீரும் தேதி யாருக்குத் தெரியும்? மாத்திரைக்கும் பரிசோதனைக்குமான உள்கடனை அடுத்த கூட்டம் வரை தள்ளாமல், அன்றே கொடுக்கத் தீர்மானம் போட முடியுமா? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.