நெடுநாள் வாடகையும் சட்டமும்

வாடகைக் கட்டுப்பாடு என்ற சொல் நம் இல்லங்களில் இரு பொருளில் வழங்கி வருகிறது. கட்டிடம் உடையோர் அதனைத் தம் சொத்தைக் கட்டிப்போடும் விலங்கு என்பர். வாடகைக்கு இருப்போர் தம்மை ஒருவரும் அசைக்க இயலாத அரண் என்பர். நம் சமுதாயத்தில் இவ்விரு திறத்தாரும் உளர். ஊரிலுள்ள வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நகரில் பிறரது கடையில் வாணிகம் செய்வோரும் உளர். ஆதலின் ஒருபாற் சாயாது, தமிழ்நாட்டில் இச்சட்டம் எவ்வாறு இயங்கிற்று, இன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆய்வுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பேரூராட்சியை எடுத்துக் கொள்வோம். சிதறால் மலைக்குச் சென்று வந்த அன்பர்களுக்கு இப்பகுதி புதிதன்று. அங்குச் சந்தையை ஒட்டிய சாலையில் ஓட்டுக்கூரைக் கடை ஒன்று இருப்பதாக மனத்திற் கொள்க. 1965 இல் பாட்டனார் ஒருவர் அதனை மாதம் 20 ரூபாய்க்கு வாய்ச்சொல்லின் பேரில் எடுத்தார். அவருக்குப் பின் மகன் நடத்தினார். இன்று பேரன் நடத்துகிறார். வாடகை சிறிது சிறிதாக உயர்ந்து 1,500 ரூபாயில் நிற்கிறது. உரிமையாளர் வழியிலும் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. ஒப்பந்தம் என ஒன்று எழுதப்படவே இல்லை. இரசீதும் கேட்டால் உண்டு, கேளாவிடில் இல்லை. இக்கடைக்காரர் நம் கற்பனையே ஆயினும், இத்தகையோர் இல்லாத கடைத்தெரு தமிழகத்தில் அரிது. இவரைக் கடையைவிட்டு வெளியேற்ற இயலுமா என்பதே வினா.

அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு ஆட்சி செலுத்தியது, 1960 ஆம் ஆண்டின் 18 ஆம் சட்டமான கட்டிடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அது வாடகையை என்றென்றைக்கும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அவ்வாறு நிறுத்தியது பம்பாய்ச் சட்டம். அங்கு 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையே அளவுகோலாகப் பல்லாண்டு நீடித்தது. காலம் மாறியபின் அவ்விதிகள் நியாயமற்றவையாகிவிட்டன என்று உச்சநீதிமன்றமே 1997 இல் கூற நேர்ந்தது.

தமிழ்நாட்டில் 'நியாய வாடகை' என்ற முறை இருந்தது. 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனையின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும், வசதிகளின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பாயின் அதில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9, கடையாயின் நூற்றுக்கு 12 என வாடகை கணிக்கப்பட்டது. கடையின் மொத்த மதிப்பு 6,00,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000, மாதத்திற்கு 6,000 ஆகும். இதற்கு உரிமையாளரும் விண்ணப்பிக்கலாம், வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். மனை விலை ஏற ஏற இக்கணக்கு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குறைந்த வாடகை நிலைத்ததற்குப் பல இடங்களில் காரணம் சட்டமன்று. உரிமையாளர் விண்ணப்பிக்காமையே என்பது எம் கருத்து.

அச்சட்டத்தின் உண்மையான வலிமை வெளியேற்றத்தைத் தடுத்ததில் இருந்தது. காலம் முடிந்தது என்ற ஒரே காரணத்தால் ஒருவரையும் வெளியேற்ற முடியாது. சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். வாடகை நிலுவை, உரிமையாளரின் இசைவின்றி மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலியன அக்காரணங்கள். சொந்தத் தொழிலுக்குக் கடை வேண்டும் என்பவர்க்கு அவ்வூரில் அத்தொழிலுக்குரிய சொந்தக் கட்டிடம் வேறு இருத்தல் கூடாது. அதே கட்டிடத்தில் கூடுதல் இடம் வேண்டும் என்றால், வெளியேறுவோர் படும் இன்னலையும் உரிமையாளர் பெறும் நன்மையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டமே கூறிற்று.

நிலுவை வழக்குகளில்தான் வாடகைதாரர் மிகுதியும் வீழ்ந்தனர். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், 'அவர் வாங்கவில்லை, நான் என் செய்வேன்' என்று வாளாவிருத்தல் போதாது. முதற்கண், எவ்வங்கியில் செலுத்துவது எனக் கேட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பத்து நாளில் விடை வராவிடில் மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்த அனுமதி கோர வேண்டும். இவ்வரிசையைப் பின்பற்றாமல் கையில் பணத்தை வைத்திருந்தோரும், வேண்டுமென்றே செலுத்தத் தவறியவர் எனத் தீர்க்கப்பட்டதுண்டு. இரண்டு மாத அறிவிப்புக்குப் பின்னும் நிலுவை தொடர்ந்தால் அது வேண்டுமென்றே செய்த தவறாகவே கொள்ளப்படும் என்பதை உச்சநீதிமன்றம் 1985 இல் விரிவாக விளக்கிற்று.

வாரிசு பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. கடை வாடகைதாரர் இறந்தால், அவர் இறக்கும்வரை அவருடன் தொடர்ந்து அத்தொழிலில் ஈடுபட்டிருந்து, பின்னும் அதனை நடத்தும் வாரிசுக்கே அச்சட்டத்தின் காப்பு. கடையில் உடனிருந்த மகனுக்கு அது கிட்டும்; வளைகுடா நாட்டில் பணிபுரிந்து, தந்தை மறைந்தபின் வந்து சாவியைக் கேட்கும் மகனுக்குக் கிட்டாது. குமரி மாவட்டத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

இனிக் கருங்கலுக்கு மீள்வோம். இத்தனை காப்பும் நம் கடைக்காரருக்கு இருந்ததா? 1960 ஆம் ஆண்டுச் சட்டம் தானாகவே பொருந்தியது சென்னை, மதுரை நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் மட்டுமே. பிற ஊர்களுக்கு அரசு தனி அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பொருந்தாது. கருங்கல் நகராட்சியன்று. அறிவிக்கை இல்லாத ஊரில் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே ஆளும். அதன் 106 ஆம் பிரிவின்படி மாத வாடகையை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும். காரணம் காட்ட வேண்டுவதில்லை. அதன்பின் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். நகரத்து உறவினர் கூறியதைக் கேட்டு, 'ஐம்பது ஆண்டு இருந்தேன், அசைக்க முடியாது' என்று நம்பியிருந்த சிற்றூர்க் கடைக்காரர் பலர் இதனை அறிந்திலர். நெடுநாள் இருந்தமை மட்டுமே எச்சட்டத்திலும் உரிமையாகிவிடாது.

இன்று நிலை மேலும் மாறிவிட்டது. 2017 ஆம் ஆண்டின் 42 ஆம் சட்டமான, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று. முன்பே நிலுவையிலிருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படி தொடர்ந்தன. புதிய சட்டம் பேரூராட்சிகளையும் தன்னுள் கொண்டது. அதில் நியாய வாடகைக் கணக்கு இல்லை. இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதனை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். அவ்வதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். வாய்ச்சொல்லில் நடந்துவந்த பழைய வாடகைகளுக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று விதித்து, முதலில் 90 நாள் தந்து, பின்னர் அதனை நீட்டித்தனர். அந்த நீட்டிப்புகளும் முடிந்துவிட்டன.

நம் கடைக்காரருக்கு இடர் இவ்விடத்தில்தான் உள்ளது. பழைய வாடகைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியமையே, இடத்தை மீட்கக் கோரும் காரணங்களில் ஒன்றாக 21 ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. மாதந்தோறும் தவறாது வாடகை கொடுத்தவரும் இதனால் வாடகை நீதிமன்றப் படி ஏற நேரும். நிலுவையைப் பொறுத்தவரை, கேட்பு அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள் முழுவதும் செலுத்தினால் தப்பலாம். ஒப்பந்தமின்மைக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. உரிமையாளருக்கும் சில தடைகள் உள. மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்து வெளியேற்ற முயலுதல் கூடாது. வாடகை பெற்றால் இரசீது தர வேண்டும்.

ஆகவே அப்பேரனுக்கு யாம் கூறுவது, உரிமையாளரை நேரில் கண்டு, வாடகை உயர்வுக்கு ஓரளவு இணங்கியேனும், காலமும் உயர்வு விகிதமும் முன்பணமும் குறித்த ஒப்பந்தம் ஒன்றை எழுதிப் பதிந்துகொள்க என்பதே. குறித்த காலம் எத்துணை நீண்டதாக அமைகிறதோ அத்துணையே அவர் காப்பு. இனி வாடகையை வங்கி வழியே செலுத்துதல் நலம். இரசீது இல்லையெனினும் வங்கிக் கணக்கு சான்றாகும். பாட்டனார் காலத்துத் தாள் ஏதேனும் இருப்பின் அதனையும் எறிந்துவிடலாகாது. 1956 நவம்பர் முதல் நாள் வரை அப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தமையின், அதற்கு முற்பட்ட சில ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றை மொழிபெயர்த்து வைத்தல் வேண்டும்.

ஒரு சொல் ஒற்றி பற்றி. மொத்தத் தொகை கொடுத்து வாடகையின்றி இருக்கும் ஒற்றியை வாடகை என மயங்குவோர் உளர். அஃது அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான தொகைக்கு உரிய அடமானப் பத்திரம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் ஒற்றி எழுதிக்கொண்டு வாழ்வோர், வாடகைச் சட்டத்தை நாடுமுன் அப்பத்திரத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுதல் நன்று.