லொறி மோதினால் பொறுப்பு சாரதியோடு முடிகிறதா?

பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரைக்கு வரும் மீன், ஐஸ் போட்டு அடுக்கப்பட்டு, கூலர் லொறிகளில் பெரிய பாலத்தைத் தாண்டி மதவாச்சிப் பக்கம் போகிறது. பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் பிந்திப் போகும் மீனுக்கு விலை இறங்கிவிடும் என்பதால் சாரதிக்கு அவசரம். எதிர்ப்பக்கமாக சீமெந்தும் கோதுமை மாவும் மென்பானமும் ஏற்றிய வண்டிகள் மன்னார் தீவுக்குள் வருகின்றன. சைக்கிளில் போகும் முதியவருக்கும், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் தாய்க்கும் இதே ஏ14 வீதிதான். விபத்து நடந்த வீட்டில் அன்றிரவே ஆளாளுக்குச் சட்டம் சொல்லத் தொடங்குவார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்த யோசனைகளில் சில, அந்தக் குடும்பத்துக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதையே இல்லாமல் செய்துவிடுகின்றன.

முதலாவது, “பிடிபட்டது சாரதி, வழக்கும் அவன் மேல்தான், முதலாளியை என்ன செய்ய முடியும்?” என்பது.

இலங்கையில் நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி, வேலையாள் தன் வேலையின்போது கவனயீனமாகச் செய்த தீங்குக்கு வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. சாரதியோடு சேர்த்து கம்பனியையும் மாவட்ட நீதிமன்றத்தில் பிரதிவாதியாக்கலாம்.

“சாமானை இறக்கிவிட்டு அவன் தன்பாட்டில் சுற்றப் போனான், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று கம்பனி கைவிரிப்பதும் உண்டு. இதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் 1945இல் தீர்க்கப்பட்ட ஃபெல்ட்மன் எதிர் மால் வழக்கு இதற்கு நேரான உதாரணம். பொதிகளை விநியோகித்து முடித்த ஊழியர் வானைக் கராஜில் விட வேண்டியவர். அவரோ சொந்த வேலையாகப் போய், குடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் ஒருவரை மோதிக் கொன்றார். இறந்தவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். வாகனத்தைப் பொறுப்பாகத் திருப்பிக் கொண்டுவருவதும் அந்த ஊழியரின் வேலைதான், அதை அவர் முழுதாகக் கைவிடவில்லை என்று கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலாளியே பொறுப்பு என்றது. தன் வேலையை இன்னொருவர் கையால் செய்விப்பவர், அதனால் பிறருக்கு வரக்கூடிய ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. எவ்வளவு தூரம் விலகினால் பொறுப்பு அறும் என்பது ஒவ்வொரு வழக்கின் விபரத்தையும் பொறுத்தது. ஆனால் “வழி மாறிப் போனான்” என்ற ஒரு சொல்லோடு கம்பனி தப்பிவிட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வாகனப் புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஓட்டியவர் யாருடைய வேலையாள், யாருடைய சாமானோடு, யாருடைய தேவைக்காகப் போனார் என்பதைக் காட்ட வேண்டும். ஆகவே விபத்து நடந்த அன்றைக்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு: லொறிக் கதவில் எழுதியிருக்கும் கம்பனிப் பெயர், இலக்கத் தகடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், சாரதியிடம் இருக்கும் சாமான் பில். ஒரு கைத்தொலைபேசிப் படம் போதும். மழை பட்டு அழிந்துபோகக்கூடிய ஒரு மீன் பில், பின்னாளில் நீதிமன்றத்தில் பெரிய சாட்சியாக நிற்கலாம்.

அடுத்தது, “நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டான், எல்லாம் முடிந்தது” என்ற பேச்சு. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. அது அரசு தொடுக்கும் வழக்கு, தண்டப்பணமும் அரசுக்கே. நட்டஈட்டு வழக்கைக் குடும்பம் தனியே போட வேண்டும். சாரதி விடுதலையானாலும் அதைப் போடலாம். குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கிலோ எந்தப் பக்கத்துக் கதை கூடுதலாக நம்பத்தக்கது என்பதே அளவுகோல்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு “இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், பொறுத்திருங்கள்” என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகிய வீடுகளில் இந்த நம்பிக்கை இன்னும் உறுதி. அங்கே மோட்டார் வாகன விபத்துகளுக்கென்றே தீர்ப்பாயங்கள் உண்டு. தவறை நிரூபிக்காமலே, மரணத்துக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் கேட்க 2019இன் திருத்தம் வழி செய்தது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அப்படியொரு தீர்ப்பாயம் கிடையாது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தால் காப்புறுதிக் கம்பனி பணம் கட்டக் கடமைப்பட்டது. ஆனால் வழக்குத் தொடங்குவதற்கு முன்போ, தொடங்கி ஏழு நாட்களுக்குள்ளோ அக்கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். வழக்கைத் தொடங்கவும் கெடு உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இரண்டு வருடம்தான் தருகிறது. “அந்தியேட்டி முடியட்டும்”, “பொலிஸ் வழக்கு முடியட்டும்”, “முதலாளி தருவதாகச் சொல்லியிருக்கிறார்” என்று காத்திருந்தே அந்த இரண்டு வருடமும் ஓடிவிடும். பிறகு எவ்வளவு நல்ல வழக்கும் நிற்காது.

“தலைக்கவசம் போடவில்லை, பிழை நம்மிலும் இருக்கிறதே” என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரிலும் பிழை இருந்தால் வழக்கே விழுந்துவிடும் என்ற பழைய நிலையை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாற்றிவிட்டது. இப்போது அவரவர் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும், அவ்வளவுதான்.

“சின்னப் பிள்ளைதானே, உழைப்பா போனது?” என்ற கேள்வி இன்னும் கொடியது. ஒரு காலத்தில் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பேசியது. மருத்துவக் கவனயீனத்தால் மகளை இழந்ததாகத் தந்தை ஒருவர் தொடுத்த வழக்கில், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு இல்லை என்று உயர் நீதிமன்றம் 2001இல் தீர்த்தது. அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். பிறரின் பிழையால் உறவை இழந்த நெருங்கிய குடும்பத்தார், பண இழப்புக்கு மட்டுமல்லாமல் அந்த இழப்பின் வேதனைக்கும் நட்டஈடு கோரலாம். மன்னாரில் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

லொறியில் கூட வரும் கிளீனரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்து வரும் அந்தப் பொடியனும் தொழிலாளிதான். வேலையில் நேர்ந்த விபத்தில் காயப்பட்டாலோ இறந்தாலோ, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி பொறுப்பு. நியமனக் கடிதம் இல்லை, நாள்சம்பளம்தான் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது.

மன்னாருக்கே உரிய ஒன்று, “கழுதை குறுக்கே வந்தது” என்ற சமாதானம். தீவின் வீதிகளில் கழுதைகளும் மாடுகளும் கட்டாக்காலியாகத் திரிவது இந்த வழியில் ஓடும் எந்தச் சாரதிக்கும் தெரியும். தெரிந்த ஆபத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பதும் கவனத்தில் அடக்கம்.

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கையை விரிக்க வேண்டாம். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் மருத்துவ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு முதல் மாதத்திலேயே அங்கே போங்கள். முதலாளி நீட்டும் வெற்றுத்தாளில் மட்டும், அதற்கு முன் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.